சங்கரன்கோவிலுக்கு ஒரு கலைச் சிகிச்சையாளர் வேண்டும்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே தரையில் ஒரு சிறிய குழி இருக்கிறது. ஸ்ரீசக்கர பீடம் என்று அதைச் சொல்வார்கள். மனநிலை பாதிக்கப்பட்டவர்கள், காற்று கருப்பு பட்டதாக வீட்டார் நம்புகிறவர்கள், என்ன காரணம் என்று தெரியாமலே ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் எல்லோரையும் அங்கே உட்காரவைத்து அம்மனை வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். புற்றுமண்ணை நீரில் குழைத்து நெற்றியில் இடுவார்கள். ஆடித்தபசு நாளில் கால்வைக்க இடமில்லாத கோயில் அது. கூட்டம் இல்லாத நாட்களிலும் இந்தச் சன்னதியைத் தேடி யாராவது ஒரு குடும்பம் வெளியூரிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

தென் மாவட்டங்களில் மனத்துயருக்கு முதல் வாசல் கோயில், தர்கா, மாதா கோயில் இவற்றில் ஒன்றாகவே இருந்துவருகிறது. இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் மருத்துவர்களே அப்படி ஒதுக்கவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் உள்ள முத்துசாமி கோயிலில் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதை வெளியிட்டது. கடுமையான மனநோயோடு வந்து அந்தக் கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். காலையில் ஒரு எளிய பூஜை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். கட்டணம் கிடையாது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல். ஆறு வார முடிவில் நோய்க் குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் அதைவைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போய்விட முடியாது. ஆனாலும் பயமில்லாத ஓர் இடமும், கைக்கு ஒரு வேலையும், கூடவே ஒரு துணையும் கலங்கிய மனத்துக்கு உதவுகின்றன என்று அது காட்டுகிறது.

நம்பிக்கைத் தலங்களை நாடி வந்தவர்களுக்கு எல்லா இடத்திலும் அந்த அரவணைப்புக் கிடைத்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி தர்கா அருகே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடைசெய்யும் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017-இல். நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம்.

சட்டம் வந்துவிட்டது. ஆள் எங்கே? நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமானோர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள். நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. சங்கரன்கோவில்காரர் ஒருவர் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே நீண்ட வரிசையில் காத்திருந்து மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்பது. அந்தக் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவர்கள்தான் மனநோயாளிகளில் பலர். மருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். பேசி ஆற்றத் தெரிந்தவரும் வேண்டும். பேச முடியாதவரோடு பொறுமையாக உட்கார்ந்து, அவர் கையில் வண்ணத்தையோ களிமண்ணையோ கொடுத்து, அதில் வருவதைப் பயமுறுத்தாமல் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரும் வேண்டும். அந்த மூன்றாவது ஆளுக்குப் பெயர் கலைச் சிகிச்சையாளர்.

அவர் ஓவிய ஆசிரியர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் வாரம் ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவரை இழந்த பிறகு வீட்டில் யாரோடும் பேசாதவர். தாளையும் கிரேயானையும் கொடுத்தால் கோலம் மட்டுமே போடுகிறார். ஒரே புள்ளிக் கோலம், வாரா வாரம். ஓவிய ஆசிரியர் என்றால் வேறு ஏதாவது வரையச் சொல்வார். ஆர்வக்கோளாறு உள்ளவர் என்றால், "கறுப்பு நிறம் எடுத்திருக்கீங்க, மனசுல சோகம் இருக்கு" என்று ஜோசியம் சொல்வார். பயிற்சி பெற்றவர் இரண்டையும் செய்யமாட்டார். அதே நேரம், அதே அறை, அதே இருக்கை என்று அந்த வேளையின் ஒழுங்கை மாறாமல் காப்பார். ஐந்தாவது வாரத்திலோ பத்தாவது வாரத்திலோ ஒரு கோடு புள்ளியைச் சுற்றாமல் வெளியே போகும்போது அதைக் கவனிப்பார். "இந்தக் கோடு எங்க போவுது?" என்று கேட்கலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்பதை அந்த நொடியில் முடிவுசெய்ய வேண்டும். படிப்பு தேவைப்படுவது அந்த முடிவுக்காகத்தான்.

கலையால் மனத்தை ஆற்றுவது மனிதருக்குப் பழைய பழக்கம். ஆனால் ஒரு தொழிலாக அது உருவானது ஒரு நோயாளியின் படுக்கையில். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938-இல் காசநோயோடு சசெக்ஸ் மாவட்டத்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் சேர்ந்தார். அப்போது காசநோய்க்கு மருந்து இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே வைத்தியம். கைக்கு எட்டிய பொருட்களை வரைந்துகொண்டே அவர் காலத்தைக் கடந்தார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரையவைத்தார். போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்கள் பேச முடியாத காட்சிகளைத் தாளில் இறக்கினார்கள். 'கலைச் சிகிச்சை' என்ற பெயரை 1942-இல் அவர்தான் வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1946-இல், எட்வர்ட் ஆடம்சன் என்ற இன்னோர் ஓவியர் சர்ரே பகுதியின் நெதர்ன் மனநோய் மருத்துவமனையில் ஒரு ஓவியக்கூடத்தை நடத்தத் தொடங்கினார். நோயாளிகள் வரையும்போது அவர் எதையும் சொல்லமாட்டார். உடன் இருப்பார், அவ்வளவுதான். அந்தக் கூடத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படைப்புகள் இப்போது லண்டன் வெல்கம் சேகரிப்பில் உள்ளன.

இவர்களுக்கு நிகராகச் சொல்லப்பட வேண்டியவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். யூத ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரேசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவியம் வரையச் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த காகிதம் எதுவானாலும் அதில் வரைந்தார்கள். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். போவதற்கு முன் குழந்தைகளின் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்து ஒளித்துவைத்துவிட்டுப் போனார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. ஓவியங்கள் பிராகா நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய மாணவி ஈடித் கிராமர் 1938-இலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார். நியூயார்க்கில் குழந்தைகளோடு பணியாற்றி, கலைச் சிகிச்சையைப் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். இன்று முதுநிலை வகுப்புகளில் பாடமாக இருக்கும் பலவும் இப்படிப்பட்ட நெருப்பைக் கடந்து வந்தவை.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்த 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. கனடா ஓவியர் பால் ஹோகனும் உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபை அருட்தந்தை பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். களிமண், வண்ணம், கதை, கூத்து, செடிகள். யாரும் யாரையும் 'உனக்கு என்ன நடந்தது' என்று கேட்பதில்லை. மாதக்கணக்கில் வாரம் ஒரு நாளாக வந்து போகும் பிள்ளைகள் தாங்களே கதை கட்டத் தொடங்குவார்கள். அந்தக் கதைக்குள் அவர்கள் இழந்தவர்கள் வருவார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்களில் பலர் அந்த ஊரின் இளைஞர்கள், தாங்களும் போரைப் பார்த்தவர்கள். வெளியிலிருந்து நிபுணர்களை இறக்குமதி செய்து நாலு நாள் முகாம் நடத்திவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ஊரின் மொழி தெரிந்தவர்களை ஊரிலேயே பயிற்றுவிப்பதன் பலனை மட்டக்களப்பில் பார்க்கலாம்.

இனி, பயிற்சி என்பது என்ன?

பிரிட்டனில் கலைச் சிகிச்சையாளர் ஆக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் பட்டம் வேண்டும். முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு, பகுதிநேரமாகப் படித்தால் மூன்று. பட்டம் பெற்றதும் அரசு அங்கீகரித்த பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நமக்கு அருகில், தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரில், லாசால் கலைக் கல்லூரி 2006-இலிருந்து இந்த முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. தென்கிழக்கு ஆசியாவில் அதுவே முதல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியப் பகுதிகளுக்கான தொழில்முறைச் சங்கம் குறைந்தது 750 மணி நேரக் களப்பயிற்சியைக் கேட்கிறது. விண்ணப்பிப்பவர் தான் வரைந்தவற்றைக் காட்ட வேண்டும். உளவியல் படித்திருக்கவும் வேண்டும். கைத்திறன் மட்டும் இருந்தாலும் போதாது, புத்தக அறிவு மட்டும் இருந்தாலும் போதாது.

வகுப்பில் முக்கியமான பகுதி உளவியல். குழந்தை எப்படி வளர்கிறது, எந்த வயதில் கிறுக்கல் வட்டமாகிறது, வட்டம் மனித முகமாகிறது, மனச்சிதைவு என்றால் என்ன, மனச்சோர்வு உடம்பில் எப்படி வெளிப்படும், தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகள் யாவை என்பதெல்லாம். அதன் கூடவே பொருட்களைப் பற்றிய படிப்பு. பென்சில் கைக்குள் அடங்கும், அழித்துத் திருத்தலாம். வாட்டர் கலர் ஓடும். பிடித்து நிறுத்த முடியாது. களிமண் கையை எதிர்த்து நிற்கும், குத்தலாம், பிசையலாம். கலவரப்பட்டு வந்த ஒருவர் கையில் முதல் நாளே ஓடும் வண்ணத்தைக் கொடுத்தால் அவர் இன்னும் கலங்கிப்போகலாம். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குப் பென்சிலை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் அங்கேயே நின்றுவிடலாம். யாருக்கு எப்போது எது என்பது அனுபவத்தாலும் மேற்பார்வையாலும் மட்டுமே படியும் அறிவு.

மேற்பார்வை என்பது இந்தப் படிப்பின் முதுகெலும்பு. மாணவர் மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ நோயாளிகளைச் சந்திக்கிறார். ஒவ்வொரு வாரமும் மூத்த சிகிச்சையாளர் ஒருவர் முன் அமர்ந்து, என்ன நடந்தது, தான் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று ஒளிக்காமல் சொல்கிறார். அதோடு, பிரிட்டிஷ் முறையில் மாணவரே ஒரு சிகிச்சையாளரிடம் போய்த் தன் மனத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பின் விதி அது. தன் துக்கம் எது, நோயாளியின் துக்கம் எது என்று பிரித்தறியத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே இந்தப் படிப்பை மதிக்கலாம்.

நெறிமுறையும் தனிப் பாடம். நோயாளி வரைந்தது யாருக்குச் சொந்தம்? அவருக்கே. அதைப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். அனுமதி இல்லாமல் சுவரில் மாட்டக் கூடாது, கண்காட்சியில் வைக்கக் கூடாது, வாட்ஸ்ஆப்பில் போடக் கூடாது. நம் ஊரில் பள்ளிக் குழந்தை வரைந்த எதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று கேட்பது நியாயம். கலைகளும் உடல்நலமும் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைக்கு இடமுண்டு என்பது அதன் முடிவு. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 45 நிமிடம் கலை வேலையில் ஈடுபட்ட 39 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு குழுக் கலைச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது அது. கூப்பிட்ட அமர்வுகளுக்குப் பலர் வரவே இல்லை என்பதும் அதே ஆய்வில் உள்ள தகவல். ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு வண்ணம் தீட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. மருந்து, ஆலோசனை, குடும்ப ஆதரவு ஆகியவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியது கலைச் சிகிச்சை. யாருக்கு அது உதவும், யாருக்கு உதவாது என்று தெரிந்து சொல்வதும் பயிற்சி பெற்றவரின் வேலை.

இந்தியாவில் இந்தப் படிப்பு இன்னும் தவழ்கிற வயதில்தான் இருக்கிறது. சென்னையில் ஈஸ்ட் வெஸ்ட் கவுன்சலிங் மையம் பல கலைகளையும் இணைத்த சிகிச்சையில் டிப்ளமோ நடத்துகிறது. நடன அசைவுச் சிகிச்சையில் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும் 'கொல்கத்தா சன்வேத்' அமைப்பும் சேர்ந்து ஒரு டிப்ளமோவை உருவாக்கின. இசைச் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் முதுநிலைப் பயிற்சி இருக்கிறது. இவை மதிப்புக்குரிய தொடக்கங்கள். இவற்றுக்கு நடுவே, இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் 'சர்டிஃபைடு ஆர்ட் தெரபிஸ்ட்' ஆக்கிவிடுவதாகச் சொல்லும் விளம்பரங்களும் புற்றீசலாகப் பெருகிவிட்டன. ஓவியம் வரைந்து மனம் இளகும் ஒரு பட்டறையாக அதை நடத்தினால் குற்றமில்லை. சிகிச்சை என்ற பெயரைச் சூட்டும்போது, தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் ஒரு பெண்ணின் முன் ஒன்றும் தெரியாத ஒருவரை உட்காரவைக்கும் ஆபத்து வந்துவிடுகிறது.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2021-இல் நிறைவேற்றியது. பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று நீளும் அதன் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளரும் இடம்பெற்றிருக்கிறார். அந்தச் சட்டத்தின் வரையறைப்படி துணை மருத்துவத் தொழிலர் என்பவருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். சுகாதாரத் தொழிலர் என்றால் 3,600 மணி நேரம். வார இறுதிச் சான்றிதழ்கள் இந்த அளவுகோலின் பக்கத்தில்கூட வராது. பெயர் அட்டவணைக்கு வந்துவிட்டது. அதற்குரிய பாடத்திட்டமும் கல்லூரியும் வேலைவாய்ப்பும் இனி வர வேண்டும்.

சங்கரன்கோவிலில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவிக்கு இதில் ஆசை வந்தால் என்ன செய்யலாம்? முதல் பட்டம் உளவியலிலோ சமூகப் பணியிலோ இருப்பது நல்லது. நுண்கலைப் பட்டமும் ஏற்றதே. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. உளவியல் படிக்கிறவர் வரைவதை விடக் கூடாது. ஓவியம் படிக்கிறவர் உளவியலைக் கூடுதலாகப் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு முதுநிலைப் படிப்பு அல்லது நீண்டகாலப் பயிற்சி. கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி? மேற்பார்வை செய்பவர் யார், அவர் எங்கே பயின்றவர்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம். நுண்கலை படித்தவருக்கு வேலை ஏது என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல்: சிறப்புப் பள்ளிகள், புற்றுநோய் மருத்துவமனைகள், மறுவாழ்வு மையங்கள், முதியோர் இல்லங்கள் என்று இந்தத் திறமை தேவைப்படும் இடங்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. தேவை இருந்தும் பதவி உருவாக்கப்படாமல் இருப்பது அரசு தீர்க்க வேண்டிய சிக்கல்.

தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் இந்தப் படிப்புக்குத் தேவையான பலமும் சிதறிக் கிடக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரியும் அதன் மனநலப் பிரிவும் இருக்கின்றன. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர் தொடங்கிய அந்த இடத்தில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பயிற்சி பல்லாண்டு அனுபவமாகச் சேர்ந்திருக்கிறது. காருகுறிச்சியில் களிமண்ணைக் கையாளும் குயவர்கள் இருக்கிறார்கள். கோலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கிறது. பாடப்புத்தகம் லண்டனிலிருந்து வந்தாலும், பயிற்சி நெல்லைத் தமிழில், நம் மண்ணிலும் மாவிலும் நடக்க முடியும். கோமதி அம்மன் சன்னதியில் மகளை உட்காரவைத்துவிட்டுத் தூணோரம் நிற்கும் தாயிடம் "கோயிலுக்கும் வாங்க, ஆஸ்பத்திரிக்கும் வாங்க" என்று சொல்லக்கூடியவர் அந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறவராக இருந்தால்தான் அந்தத் தாய் வருவார்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தமிழில் தொடங்க வேண்டும். முதல் அணிக்குப் பத்து மாணவர்கள் போதும். படித்து வெளியே வருகிறவர்களில் ஒருவரையாவது சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் பணியமர்த்தத் தமிழக அரசு முன்வர வேண்டும்.